செல்லோவைச் சுருதியாக வைத்துப் பாடியபோது: மதுரைப் பாடற்குழு ஒன்றின் ஒலிப்பதிவு

மதுரையில் 16 பேர் கொண்ட ஒரு சிறு பாடற்குழு, ஒரே ஒரு செல்லோவோடு (வயலின் இனத்தைச் சேர்ந்த, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வாத்தியம்) சமகாலக் குழுப்பாடல்கள் இரண்டை ஒலிப்பதிவு செய்தது. பெண்களில் மேல்குரலான சோப்ரானோ ஐவர், கீழ்க்குரலான ஆல்ட்டோ ஐவர்; ஆண்களில் மேல்குரலான டெனர் மூவர், கீழ்க்குரலான பாஸ் மூவர். ஒலிப்பதிவுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒத்திகையில் தலைகாட்டிய சிக்கல்கள் முதலில் தனித்தனியாகத்தான் தெரிந்தன. டெனர் குரல் காதில் விழவில்லை. குழு மெல்ல மெல்லச் சுருதி இறங்குகிறது. ஒரு டேக்கின் (ஒருமுறை பாடி எடுத்த பதிவின்) துண்டை இன்னொரு டேக்கோடு ஒட்ட முடியவில்லை. போகப் போகத்தான் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே என்று தெளிந்தது: செல்லோவைப் பக்கவாத்தியமாகக் கருதியே அத்தனையும் திட்டமிடப்பட்டிருந்தது. அதையே குழுவின் சுருதியாக வைத்துப் பாடத் தொடங்கியதும் உட்காரும் இடம், ஒத்திகை முறை, மைக் வைப்பு, டேக் எடுக்கும் ஒழுங்கு எல்லாம் மாறின. அந்த மாற்றத்தை இங்கே விவரமாக எழுதிவைக்கிறேன். இதே முயற்சியில் இறங்கும் தமிழ்நாட்டுக் குழுக்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

குழுவும் பாடல்களும்

மதுரைக்கு நான்கு குரல் பாட்டு புதிதல்ல. அமெரிக்கன் மதுரை மிஷன் இங்கே 1834இல் தொடங்கியது. அதன் பள்ளிகளும் ஆலயங்களும் அந்தப் பாட்டு முறையை ஊரில் நிலைக்கச் செய்தன. இந்தக் குழுவின் மூத்தவர்கள் டோனிக் சோல்ஃபாவில், அதாவது டோ, ரே, மீ என்று எழுதும் முறையில், படித்தவர்கள். ஐந்து கோட்டு நொட்டேஷன் அவர்களுக்குப் பின்னால் வந்தது. டோ, அதாவது நம் ச, எங்கே இருக்கிறது என்று முதலில் பிடித்துக்கொண்டு, மற்றச் சுரங்களை அதிலிருந்து அளந்து பாடுவார்கள். இளையவர்கள் கீபோர்டு வகுப்பில் வளர்ந்தவர்கள். எந்தச் சுரம் வேண்டுமானாலும் கட்டையை அழுத்தினால் கிடைத்துவிடும் என்ற பழக்கம் அவர்களுக்கு. இந்த வேறுபாடு பின்னால் பெரிதாக வேலை செய்தது. குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற பள்ளி இசை ஆசிரியை. குழுவில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

குழுவும் செல்லோவும் மட்டும் சேர்ந்து நிற்கும் படைப்புகள் அதிகம் இல்லை. நார்வேயின் க்னுட் நீஸ்டெட் எழுதிய 'ஸ்டாபாட் மாத்தர்' ஒன்று. சோஃபியா குபைதூலினா 1997இல் செல்லிஸ்ட் ரோஸ்ட்ரொபோவிச்சுக்காக எழுதிய 'கான்டிகிள் ஆஃப் தி சன்' இன்னொன்று. அதற்குத் தாளக் கருவிகளும் வேண்டும். குழுவின் பலத்தையும் கைவசம் இருந்த பணத்தையும் பார்த்து டீச்சர் தேர்ந்தது, ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் டேவனர் 1995இல் எழுதிய 'ஸ்வியாட்டி'. கிழக்குத் திருச்சபையின் பழைய மன்றாட்டு அது: தூய இறைவா, தூய வல்லவா, தூய அழிவில்லாதவா, எங்கள்மேல் இரங்கும். ரஷ்யத் திருச்சபையில் இறந்தவரிடம் விடைபெறும் நேரத்தில் பாடுவது. அதே மன்றாட்டு கத்தோலிக்கப் பெரிய வெள்ளி வழிபாட்டிலும் உண்டு. ஆகவே மொழி புரியாவிட்டாலும் பாதிப்பேருக்குப் பாடலின் பொருள் ஏற்கெனவே நெஞ்சில் இருந்தது.

இரண்டாவது பாடல், வைகை ஆற்றைப் பாடும் பரிபாடலின் வையைப் பாடல் ஒன்று. மதுரையில் வளர்ந்த ஓர் இளம் இசையமைப்பாளர் இந்தக் குழுவுக்கென்றே எழுதியது. சங்க நூல்களில் பரிபாடலுக்குத் தனிச் சிறப்பு உண்டு. பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் பாட்டின் அடியில் குறிக்கப்பட்டிருக்கின்றன: பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று மூன்று பண்கள். எழுபது பாடல்களில் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை 22. உ.வே.சாமிநாதையர் 1918இல் அச்சில் கொண்டுவந்தார். வகுத்த இசை நமக்கு வரவில்லை, வகுத்தவர்களின் பெயர் மட்டும் வந்திருக்கிறது. அந்தப் பெயர்களுக்குக் கீழே மதுரைக்காரர் ஒருவர் இன்று புதிதாக இசை எழுதுகிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேவனர் 2013இல் இறந்தவர். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை உரிமை உண்டு. ஆகவே பதிப்பாளரின் அனுமதி வாங்க வேண்டும்; பாடகர் ஒவ்வொருவருக்கும் விலை கொடுத்து வாங்கிய பிரதி இருக்க வேண்டும், ஜெராக்ஸ் ஆகாது. அனுமதிக் கடிதம் கைக்கு வரும்முன் பதிவுத் தேதி குறிக்க வேண்டாம்.

கீபோர்டு வெளியே போனது

மாதக்கணக்கான ஒத்திகை முழுவதும் கீபோர்டை வைத்தே நடந்தது. செல்லோ வாசிப்பவர் சென்னையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, முதல் முறையாகக் குழுவோடு உட்கார்ந்து வாசித்தபோது, பாட்டு கூடவில்லை. யாரும் தப்பாகப் பாடவில்லை, அவரும் தப்பாக வாசிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நீண்ட சுரத்திலும் ஒரு நெருடல்.

காரணம் கணக்கில் இருக்கிறது. கீபோர்டில் ஒரு எட்டை, அதாவது ச-விலிருந்து மேல் ச வரையுள்ள தூரத்தை, 12 சம பாகங்களாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு பாகத்தை 100 செண்ட் என்பார்கள். அதன்படி ஐந்தாம் சுர இடைவெளி, அதாவது ச-ப, 700 செண்ட். ஆனால் செல்லோவின் நான்கு தந்திகளை, சி, ஜி, டி, ஏ, காதால் கூட்டும்போது ச-ப இடைவெளி சுத்தமாக வரும். அது 702 செண்ட். ஏ தந்தியிலிருந்து மூன்று படி கீழே இறங்கினால், செல்லோவின் சி தந்தி கீபோர்டின் சி-யைவிட 6 செண்ட் தாழ்ந்திருக்கும். இதுவாவது சமாளிக்கலாம். காந்தாரத்தில்தான் சங்கதி பெரிது. சுத்தமான அந்தர காந்தாரம் 386 செண்ட். கீபோர்டு தருவது 400. வாத்தியமில்லாமல் நல்ல குழு பாடினால் காது அந்த 386ஐயே நாடும். கீபோர்டோடு பழகிய குழுவோ 400க்கும் 386க்கும் நடுவே எங்கோ தடுமாறும்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய செய்தி இல்லை. தம்புராவின் மந்தர ச தந்தியை நன்றாகக் கேட்டால் அந்தரகாந்தாரம் தானே உள்ளே ஒலிக்கும். அந்தக் காதை நாம் ஆலய வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். டீச்சர் அன்று அதிகம் பேசவில்லை. கீபோர்டை மூடி, "தம்பி, நீங்க எங்களுக்குச் சுருதி குடுங்க. நாங்க அதுல நிக்கிறோம்" என்றார். செல்லோ வாசிப்பவர் டி, ஏ இரண்டையும் சேர்த்து வில்லால் நீளமாக இழுத்தார். குழு வாயை மூடி 'ம்' என்று அதில் சேர்ந்தது. முதலில் சேர்ந்தவர்கள் சோல்ஃபா படித்த மூத்தவர்கள். அவர்களுக்கு டோ கிடைத்துவிட்டது. கீபோர்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. செல்லிஸ்ட் சென்னை திரும்பிய பிறகு ஒத்திகையில் அவர் இடத்தை மின்னணுச் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது. பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆதாரச் சுரம் எது என்று டீச்சர் பென்சிலால் குறித்தார். பகுதி மாறும்போது பெட்டியில் சுருதியை மாற்றினார்கள்.

இதன் பிறகும் ஒரு முடிச்சு மிஞ்சியது. வையைப் பாடலில் ஆல்ட்டோக்கள் ஈ சுரத்தை விடாமல் பிடித்திருக்க, அடியில் செல்லோ ஏ-யிலிருந்து சி-க்கு இறங்கும் இடம் ஒன்று உண்டு. ஏ-க்குப் பஞ்சமமாக நிற்கும் ஈ-யும், சி-க்கு அந்தர காந்தாரமாக நிற்கும் ஈ-யும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே சுமார் 22 செண்ட். நம் சுருதிக் கணக்கில் 81/80 என்று வரும் அதே பிரமாண சுருதி. ஆல்ட்டோக்கள் ஒவ்வொரு தடவையும் நல்ல காதோடு அந்த 22ஐ இறக்கினார்கள்; மீண்டும் ஏ வரும்போது ஏற்ற மறந்தார்கள். குழு சுருதி இறங்கியது சோம்பலால் அல்ல, சரியாகக் கேட்டதால்தான். இதைப் புரிந்துகொண்டது பெரிய விடுதலை. அதுவரை "மூச்சுப் பத்தலை, முகத்துல சிரிப்பு இல்லை" என்று பாவம் அந்தப் பெண்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீர்வு செல்லோ பக்கமிருந்து வந்தது. நால்வர் தந்திக் குழுக்களில் செய்வதுபோல செல்லிஸ்ட் ஐந்தாம் இடைவெளிகளைச் சற்று நெருக்கிக் கூட்டி, சி தந்தியை ஓரிழை மேலே வைத்தார். மிச்சத்தை ஆல்ட்டோக்கள் அந்த இடத்தில் மட்டும் இறக்கி, குறித்து வைத்த அடியில் ஏற்றினார்கள். பிரதியில் அந்தச் சுரத்துக்கு மேல் 'ஏ', 'சி' என்று எழுதிக்கொண்டார்கள்: எந்தத் தந்தியைக் கேட்டு நிற்க வேண்டும் என்பதற்கு.

எங்கே உட்காருவது

செல்லோவின் அடித் தந்தி 65 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 65 அதிர்வில்) தொடங்குகிறது. மேல் தந்தி 220இல். பாஸும் டெனரும் பாடும் எல்லை முழுக்க இதற்குள்ளும் இதையொட்டியும் அடங்கிவிடும். கச்சேரி வழக்கப்படி செல்லோவைக் குழுவுக்கு முன்னால், நடத்துபவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால், முன்னிற்கும் மைக்கில் அது மூன்று டெனர்களையும் விழுங்கிவிடும். பெண்குரல் மிகுந்து ஆண்குரல் மெலிந்த குழுவில் இது தப்பவே தப்பாது. நம் ஊர்க் குழுக்களில் பெரும்பாலும் நிலைமை அதுதான்.

வையைப் பாடலுக்குச் செல்லோவை அரைவட்டத்தின் நடுவில், டெனருக்கும் பாஸுக்கும் இடையே, அவர்களின் வரிசையிலேயே வைத்தோம். ஆண்கள் அறுவரும் இருபுறமும் நின்றார்கள். அந்த இடமாற்றத்தால் மட்டும் டெனர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அவர்களும் சத்தம் கூட்டவில்லை, நானும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. மைக்கிலிருந்து செல்லோ அவர்கள் தூரத்துக்கே போய்விட்டது. கூடவே சுருதி காதோரம் கிடைத்ததால் அவர்கள் குரல்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தின. பொருந்திய மூன்று குரல், பொருந்தாத ஆறைவிடத் தெளிவாகக் கேட்கும்.

தரையையும் கவனிக்க வேண்டும். பதிவு நடந்த ஆலயத்தில் பீடத்தின் மரமேடை உள்ளே வெற்றிடம் கொண்டது. செல்லோவின் அடியில் நீண்டிருக்கும் இரும்பு முள்ளை அதில் ஊன்றினால் மேடையே அதிர்ந்து அடிச்சுரங்கள் சில மட்டும் வீங்குகின்றன. கல்தளத்துக்கு இறக்கியதும் ஒலி சீரானது. ஆனால் வழவழப்பான கல்லில் முள் வழுக்கும். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை எடுத்துக் கொடுத்த தென்னைநார் மிதியடியில் முள்ளைக் குத்தி, மிதியடியை நாற்காலிக் காலோடு கட்டினோம்.

'ஸ்வியாட்டி'யில் தூரம்

டேவனரின் பாடலில் செல்லோவின் இடத்தை இசையமைப்பாளரே சொல்லியிருக்கிறார். செல்லோ அங்கே குருவானவரின் குரல், அல்லது கிறிஸ்துவின் திருவுருவம். குழுவிலிருந்து தள்ளி, முடிந்தால் கட்டடத்தின் மறுகோடியில் இருந்து வாசிக்க வேண்டும். மேற்கத்திய உணர்ச்சிப் பாங்கு கூடாது, கிழக்குத் திருச்சபையின் ஓதலிலிருந்து வர வேண்டும் என்பது அவர் குறிப்பு. செல்லோவும் குழுவும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் அமைப்பு அது.

ஆலயத்தின் பீடத்தருகே குழு, வாசல் பக்கம் செல்லோ. நடுவே ஏறக்குறைய 20 மீட்டர். பதிவு நடந்த இரவின் வெப்பத்தில் ஒலி நொடிக்கு 345 மீட்டர் போகும். ஆக, செல்லோவின் ஒலி குழுவை அடைய நூறில் ஆறு பங்கு நொடி ஆகிறது; அதைக் கேட்டு இவர்கள் பாடி, அது திரும்பிப் போய்ச் சேர இன்னொரு அவ்வளவு. காதை நம்பித் தாளம் பிடித்தால் ஒருவரை ஒருவர் துரத்தி, பாட்டு நின்றே போகும். டீச்சர் வைத்த விதி எளியது: தொடங்குவது கண்ணால், சுருதி சேர்வது காதால். அவர் கையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். செல்லிஸ்டுக்குத் தெரிய வேண்டும் என்று வெள்ளைச் சட்டை போட்டு, கைக்கு மேல் ஒரு சிறு விளக்கு வைத்துக்கொண்டார்.

அதைவிடக் கடினம், குழு தனியாகப் பாடி முடித்ததும் செல்லோ திரும்ப நுழையும் இடங்கள். இடைப்பட்ட நேரத்தில் குழு பத்து செண்ட் இறங்கியிருந்தாலும் செல்லோவின் முதல் சுரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கேதான் சுருதிப் பெட்டி ஒத்திகையின் பலன் தெரிந்தது. ஒலிக்காத சுருதியையும் மனதில் பிடித்து நிற்கும் பழக்கம் குழுவுக்கு வந்திருந்தது. ரஷ்யக் குழுக்களின் ஆழமான பாஸ் நம் ஆட்களிடம் இல்லை. அதை மைக்கை நெருக்கிவைத்து ஈடுகட்ட நான் விரும்பவில்லை. மூவரும் மாற்றி மாற்றி மூச்செடுத்து, இழை அறாமல் பாடினார்கள். மெலிந்த அடிக்குரல்தான், ஆனால் உண்மையான குரல்.

மைக் விஷயத்திலும் இசையமைப்பாளர் சொல்லையே பின்பற்றினேன். குழுவுக்கு முன்னால் மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு ஜோடி, 17 செண்டிமீட்டர் இடைவெளி, 110 பாகைக் கோணம். அதற்கு இருபுறமும் அகலமாக இரண்டு. செல்லோவுக்கு அருகே பாதுகாப்புக்காக ஒன்று வைத்தேன், ஆனால் இந்தப் பாடலின் கலவையில் அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் செல்லோ கேட்பவரின் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது; தூரம் போய்விடுகிறது. தூரம் போனால் அந்தப் பாடலில் மிச்சம் என்ன இருக்கிறது?

இடமும் இரவும்

மதுரை நகருக்குள் அமைதி கிடைப்பது அரிது. சித்திரையில் திருவிழா, ஆடியில் ஊருக்கு ஊர் கூம்பு ஒலிபெருக்கி, மார்கழியில் விடியுமுன்னே பாட்டு. மழைக்காலத்தில் தவளை. ஆகவே தை பிறந்து பொங்கல் கூட்டம் அடங்கிய பிறகு, நகருக்கு வெளியே ஒரு பழைய ஆலயத்தில், இரவு பத்து மணிக்கு மேல் என்று முடிவானது. காலியான ஆலயத்தில் பலூன் உடைத்துப் பார்த்தால் ஒலி அடங்க மூன்று நொடிக்கு அருகில் ஆகிறது. டேவனருக்கு அது வரம். வையைப் பாடலுக்குச் சற்றே அதிகம். பக்கச் சுவர்களில் ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டுக் குறைத்தோம்.

மின்விசிறி எல்லாம் அணைத்த பிறகும் செல்லோவின் ஜி தந்தி திறந்து ஒலிக்கும்போதெல்லாம் மெல்லிய அலை ஒன்று கூடவே வந்தது. நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் அலை. தந்தியிலா, தந்தியைத் தாங்கும் பாலத்திலா, மைக்கிலா என்று தேடினோம். அது டியூப்லைட்டின் பழைய இரும்புச் சோக். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் அதன் இரட்டிப்பான 100இல் முனகும். செல்லோவின் ஜி 98. இரண்டின் வித்தியாசம்தான் அந்த அலை. குழு மட்டும் பாடும் பதிவில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். டியூப்லைட் அனைத்தையும் அணைத்து, பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்குகளைப் பாட்டுத்தாளுக்கு நேராக வைத்தோம். செல்லோவோடு பதிவு செய்ய இந்தியாவில் இடம் தேடுபவர்கள் முதலில் ஜி தந்தியை வாசிக்கச் சொல்லி விளக்குகளைச் சோதியுங்கள்.

தமிழ் வாயும் நீண்ட சுரமும்

சமகாலக் குழுப்பாடல் நீண்ட, மெதுவாக நகரும் ஒலிக்கூட்டங்களை விரும்பும். தமிழ்ச் செய்யுளோ குறிலையும் நெடிலையும் கலக்க விடாது. 'வளி பொரு மின்னொடு வான் இருள் பரப்பி' என்று தொடங்குகிறது பாட்டு. முதல் ஆறு எழுத்தில் நெடில் ஒன்றுகூட இல்லை. 'வளி'யை நீட்டினால் காற்று கேட்பவருக்கு வேறெதுவாகவோ ஆகிவிடும். இசையமைப்பாளர் செய்தது அழகான வேலை: குறில்களைக் குழு சுருக்கென்று சொல்லிவிட்டு நிற்க, அந்தச் சுரத்தைச் செல்லோ எடுத்து நீட்டுகிறது. 'வான்' வரும்போதுதான் குழு முழுவதும் திறந்து நீள்கிறது. மேகம் இருண்டு நிற்பதும் மழை இறங்குவதும் அந்த ஏற்பாட்டிலேயே கேட்கிறது. இங்கேயும் செல்லோ சுருதி; குழு விட்ட இடத்தில் அறாமல் நிற்பது அது.

ளகரமும் ழகரமும் பதினாறு வாயில் ஒன்றுபோல வர, நாக்கு வளையும் நேரத்தைக்கூடத் தாளத்தில் குறித்தார்கள். 'பரப்பி'யின் வல்லினப் பகரம் ஒரே கணத்தில் வெடிக்க வேண்டும். மூன்று நொடி எதிரொலியில் ஒருவர் முந்தினாலும் சிதறல் கூரை வரை போகும்.

டேக்கும் ஒட்டும்

இரவு ஏற ஏற ஆலயம் குளிர்ந்தது. குளிரில் உலோகத் தந்தி இறுகி செல்லோ மேலேறும்; களைப்பில் குழு கீழிறங்கும். நள்ளிரவுக்குப் பின் எடுத்த துண்டை முன்னிரவுத் துண்டோடு ஒட்ட முடியாமல் போவது இதனால்தான். ஆகவே ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் செல்லிஸ்ட் டியூனரைப் பார்த்து ஏ-யைச் சரிசெய்து, டி-ஏ இரண்டையும் இழுத்துக்காட்டுவார். குழு 'ம்' சேரும். ஒலி அடங்கிய பிறகே பாட்டு. இந்தச் சுருதி இழுப்பையும் பதிவிலேயே விட்டுவைத்தேன். பிறகு ஒட்டும்போது எந்த இரு டேக் பொருந்தும் என்பதை அதைக் கேட்டே முடிவு செய்தேன். கணினியில் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி உண்டு. ஆனால் எதிரொலி நிறைந்த பதிவில் அது ஆலயத்தின் எதிரொலியையும் சேர்த்து ஏற்றி இறக்கும், அதன் வால் பிசிறடிக்கும். பயன்படுத்தவில்லை.

சிறு துண்டுகளாக எடுக்கும் முறையையும் டீச்சர் ஏற்கவில்லை. "நாலு அடி நாலு அடியா வெட்டினா, அண்ணே, பிள்ளைங்க சுருதியைத் தேடிக்கிட்டேதான் இருப்பாங்க" என்றார். அவர் சொன்னது சரி. முழுப் பகுதியாக எடுத்தவையே ஒலியிலும் சுருதியிலும் உறுதியாக நின்றன. வெளிவரும் வடிவத்தில் 'ஸ்வியாட்டி' பெரும்பாலும் ஒரே டேக். வையைப் பாடலில் ஒட்டு அதிகம். ஆல்ட்டோக்களின் அந்த ஈ சுரம் இரண்டாவது முறை வரும் இடத்தில் இன்னும் லேசான நெருடல் இருக்கிறது. அந்த டேக்கில் 'வான்' திறந்த விதம் வேறெதிலும் வரவில்லை என்பதால் அதையே வைத்துக்கொண்டோம்.

குழு இப்போது ஞாயிறு ஆராதனைப் பாட்டுகளுக்கும் கீபோர்டு இல்லாமலே பயிற்சி செய்கிறது. அடுத்த பதிவுக்கு டீச்சர் தேடுவது இரண்டு பாஸ் குரல்கள். பரிபாடலின் நோதிறப் பண் பாடல் ஒன்றுக்கு இசையமைப்பாளர் எழுதத் தொடங்கியிருக்கிறார். அதில் செல்லோ இரண்டு.